வைரசின் துண்டு மதுவத்தைக் கொல்லுமா?

எயிட்ஸ் நோயாளரின் வாயிலும் தொண்டையிலும் வெண்படலமாகப் படர்வது ஒருவகை மதுவம். பாண் மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்திற்கு இது தூரத்து உறவு. கன்டிடா அல்பிகன்சு என்பது பெயர். நலமுள்ளோர் உடலில் அடங்கிக் கிடக்கும். எதிர்ப்புச்சக்தி குன்றியதும் தலைதூக்கும். அச்சக்தியைக் குலைக்கும் எச்.ஐ.வி. வைரசின் புரதமொன்றின் சிறுதுண்டே இம்மதுவத்தைக் கொல்லும் என்றால், முள்ளை முள்ளால் எடுத்துப் பழகிய நமக்கும் அது வியப்பே.

அப்புரதத்தின் பெயர் டாட். அதன் 47ஆவது முதல் 58ஆவது வரையான 12 அமினோவமிலங்களை மட்டும் கோத்துத் தென் கொரிய ஆய்வாளர்கள் கன்டிடாவின் மீது சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். அப்பன்னிரண்டில் எட்டு நேரேற்றம் உடையவை. மதுவக் கலத்தின் மேற்பரப்போ எதிரேற்றம் உடையது. எனவே ஒட்டிக்கொள்வதில் இடரில்லை. இத்தகைய பெப்தைட்டுகள் பல, கலமென்சவ்வில் துளையிட்டே கொல்வன. இதுவோ சவ்வைச் சிதைக்காமல் உள்நுழைந்து, கருவிற் போய்த் தங்கி, கலம் பிரிவதற்கு ஆயத்தமாகும் முதற் கட்டத்திலேயே அதனைத் தடுத்து நிறுத்தியது. கதவை உடைக்காமல் வீட்டினுள் புகுந்து அடுப்பை அணைத்த கதைதான்.

புதிய மருந்துக்கு அவசியம் உண்டு. மதுவக் கலமும் மனிதக் கலமும் அமைப்பில் நெருங்கியவை. ஒன்றுக்கு நஞ்சானது மற்றதையும் எளிதில் தாக்கும். நெடுங்காலம் கைகொடுத்த அம்போதெரிசின் சிறுநீரகத்தைப் பாதிப்பது இதற்குச் சான்று. 2009இல் யப்பானில் இனங்காணப்பட்ட கன்டிடா ஓரிசு பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பங்கசுப் பட்டியலில் இவ்விரு கன்டிடாக்களும் மிக ஆபத்தான பிரிவிலேயே உள்ளன.

ஆயினும், "மருந்து கிடைத்துவிட்டது" என ஆர்ப்பரிப்போருடன் நாம் உடன்படோம். இத்துண்டு செங்குருதிக் கலங்களை உடைக்கவில்லை என்பது நற்செய்தியே; ஆனால் போதாது. டாட் புரதம் மனிதக் கலங்களினுள்ளும் புகவல்லது என்பது 1988 முதல் தெரிந்த செய்தி. சவ்வை உடைக்காமலே கொல்லும் ஒன்றுக்குச் சவ்வு உடையாமை எப்படிக் காப்புறுதியாகும்? நம் கலங்களின் கருவினுள் அது என்ன செய்கிறது என்பதே முதலிற் கேட்கப்படவேண்டியது. மேலும் குருதியிலுள்ள நொதியங்கள் இத்தகைய துண்டுகளை விரைவில் வெட்டிவிடும். செய்வதற்கும் செலவு அதிகம்.

ஆகவே ஊசிமருந்துக் கனவை ஒருபுறம் வைத்து, வாயிலும் தோலிலும் பூசும் மருந்தாக இதனைச் சோதிப்பதே முறை என்பது எமது கருத்து. அதற்கான பணத்தை அரசுகளே தரவேண்டும். இம்மருந்து மிகுதியும் தேவைப்படுவோர் ஆபிரிக்க நாடுகளின் ஏழை நோயாளர். அவர்களை நம்பி எந்த மருந்து நிறுவனமும் முதலிடப் போவதில்லை.