எப்ப வேணா போகலாம்!

என் மச்சினன் ஆஸ்லோவில் இருக்கிறான். நார்வேயின் தலைநகரம். அங்கே என்ன வேலை என்று இரண்டு மூன்று தடவை விளக்கிவிட்டான். எனக்குப் பிடிபடவில்லை. சம்பளம் மட்டும் புரிந்தது. பி.காம். படித்தவனுக்கு அது போதும்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டான்.

"மாமா, நீங்களும் அக்காவும் கிளம்பி வாங்க. ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஒரே நாள்ல ஒரு ட்ரிப். கொஞ்சம் ரயில், கொஞ்சம் படகு. ஆயுசுக்கும் மறக்க மாட்டீங்க!"

விஷயம் இதுதான். ஆஸ்லோவில் ரயில் ஏறி, மலை மேல் மிர்டால் என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஃப்ளாம் என்ற ஊருக்கு ஒரு குட்டி ரயில். தூரம் இருபதே கிலோமீட்டர். அதற்குள் இருபது குகை, சுமார் 865 மீட்டர் இறக்கம். கீழே வந்தால் கடல், மலைகளுக்கு நடுவே சந்து மாதிரி புகுந்து கிடக்கிறது. அதற்கு ஃபியோர்ட் என்று பெயர். ஒரு காலத்தில் பனிப்பாறை நகர்ந்து நகர்ந்து குடைந்த பள்ளம். அதில் இரண்டு மணி நேரம் படகு. அப்புறம் பஸ், மறுபடி ரயில், பெர்கன். 2005-ல் யுனெஸ்கோவே பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்த இடமாம்.

என் மனைவி ஏற்கெனவே மனசால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுவிட்டாள்.

நான் பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் செலவு: விமானம், விசா, ரயில், படகு, ஸ்வெட்டர், மச்சினன் வீட்டுக்கு மூன்று கிலோ முந்திரிப்பருப்பு. வலது பக்கம் வரவு. அந்தப் பக்கம் நார்வேயின் பனிமலை போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூலையில் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"அது என்னடா, கடல் தண்ணி உள்ள பூந்து, அதுல படகு வுட்டு... நம்ம பிச்சாவரம் மாதிரியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பிச்சாவரம் என்பது வெறும் ஊர்ப் பெயர் அல்ல. பாக்கி நிற்கும் கடன்.

அப்பா சிதம்பரத்தில் குமாஸ்தா. அண்ணாகிராமத்திலிருந்து சைக்கிளில் மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷன். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு மீட்டர்கேஜ் பாசஞ்சர். நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். சீஸன் டிக்கெட்டில் ஏறக்குறைய முப்பது வருஷம். கிள்ளையில் இறங்கினால் பிச்சாவரம் கூப்பிடு தூரம். 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். படகில் போன இடம் என்பதால் அம்மாவுக்கு ஆசை. 1975-ல் வந்த படம். ஆசைக்கும் அதே வயசு.

"இந்த ஞாயித்துக்கிழமை போலாமா?" என்பாள்.

"பக்கத்துலதானே இருக்கு? எங்க ஓடிடப் போவுது? எப்ப வேணா போகலாம்" என்பார் அப்பா. ஆறு நாள் ரயிலில் போகிறவர் ஏழாவது நாளும் ரயில் ஏறுவாரா?

போகாததற்காக நாங்கள் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது 2004 டிசம்பர் 26.

அப்பா ரிட்டையர் ஆனார். இனி போகலாம் என்றபோது, 2006 கடைசியில் அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். "ரயில் வரட்டும், ரயில்லயே போவோம்" என்றார். 2010-ல் ரயில் வந்தது. அதற்கு முந்தின வருஷமே அப்பா போய்விட்டார்.

அதன் பிறகு அந்தக் கடன் என் பேருக்கு மாறியது. நானும் அப்பாவின் பிள்ளைதானே? "எப்ப வேணா போகலாம்மா" என்று பதினைந்து வருஷம் வட்டி ஏற்றிவிட்டேன்.

அன்று ராத்திரியே நார்வே பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினேன்: கடலூர்–சிதம்பரம், ஒரு நாள், ரயில் கொஞ்சம், படகு கொஞ்சம்.

திட்டம் போடுவதில் நான் புலி. காலை பாசஞ்சர், சிதம்பரத்தில் இறங்கி டிபன், டாக்ஸியில் பதினைந்து கிலோமீட்டர் பிச்சாவரம், வெயில் ஏறுமுன் படகு, திரும்பி வந்து நடராஜர் தரிசனம், சாயங்கால ரயில். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம், ரயில் தாமதத்துக்கு அரை மணி, எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம். எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு செய்தேன். அம்மா தன் பங்குக்குப் புளிசாதம் கட்டினாள்.

ஞாயிறு காலை கிளம்பினோம். ஒற்றைத் தடம் என்பதால் எங்கள் பாசஞ்சர் எதிரே வருகிற எக்ஸ்பிரஸுக்கெல்லாம் மரியாதையாக ஒதுங்கி நின்றது. ஆலப்பாக்கத்தில் நின்ற நேரத்தில் நான் ஒதுக்கிய அரை மணி தீர்ந்துபோனது. அம்மா எதையும் கவனிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்பையும் மணல் திட்டையும் பார்த்தபடி வந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். அகலமான தண்ணீர், அந்தப் பக்கம் கடல்.

"இந்த வழியாவாடா தெனமும் போனாரு?"

"ஆமாம்மா."

"சொல்லவே இல்லையே..."

கிள்ளை வந்தது. அம்மா எழுந்துவிட்டாள்.

"எம்மா, சிதம்பரம்தான் நாம எறங்கணும். டாக்ஸிக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன்!"

"உங்கப்பா கிள்ளையில எறங்கணும்னுதான் சொன்னாரு" என்று வாசலுக்குப் போய்விட்டாள். முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. புளிசாதத் தூக்கோடு என் மனைவியும் பின்னாலேயே போனாள். திட்டம் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் கிள்ளையில் நின்றோம். டாக்ஸி அட்வான்ஸை வாராக் கடனில் எழுதினேன்.

அரை மணி காத்திருந்து ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துடுப்புப் படகே எடுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும்.

நுழைந்தோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள், தண்ணீருக்குள் வேர்களை ஊன்றி, வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் மாதிரி நின்றன. கிளைகள் மேலே கைகோத்துக் கொண்டதில் வெயில் சல்லடையாய் விழுந்தது. கொக்கு ஒன்று எங்களை மதிக்கவே இல்லை. படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "இதான் தில்லை. பால் கண்ணுல பட்டா ஆபத்து" என்றார். சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம்! வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த காடு. சுனாமியின்போது அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு பின்னால் இருந்த கிராமங்களைக் காப்பாற்றியது இதுதான் என்று படகுக்காரரும் சொன்னார், ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

நார்வேயின் ஸோக்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டர் என்று என் படிப்பைக் காட்டினேன். படகுக்காரர் துடுப்பை நேராக இறக்கி அடியைத் தொட்டுக் காட்டினார். "நம்மளுது இவ்ளோதான் சார். வுழுந்தாலும் எந்திரிச்சு நின்னுக்கலாம்."

அம்மா தண்ணீரில் கையை விட்டபடி பேசாமல் இருந்தாள். எம்.ஜி.ஆரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை விட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். படகின் சமநிலைக்காக நடுவே வரச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. படகுக்காரரும் சொல்லவில்லை.

ராத்திரி வீடு திரும்பினோம். மூன்று ரயில் டிக்கெட்டையும் அம்மா கேட்டு வாங்கி, அப்பாவின் பழைய சீஸன் டிக்கெட் இருக்கிற டப்பாவில் வைத்தாள். நான் நோட்டை எடுத்துக் கணக்கை முடித்தேன். நார்வே பக்கத்தில் வந்த எண்ணிலிருந்து கடைசி மூன்று சைபரை எடுத்தாலும் மீதம் அதிகம்தான்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு பிச்சாவரம் இருக்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது கேட்பதையே நிறுத்திவிட்ட ஒரு அம்மா இருப்பாள். காலண்டரில் தேதியை வட்டம் போட்டுவிட்டு மறுவேலை பாருங்கள்.

மறுநாள் மச்சினன் கூப்பிட்டான். "என்ன மாமா, நார்வே எப்ப வர்றீங்க?"

"எங்கேப்பா ஓடிடப் போகுது?" என்றேன். "எப்ப வேணா போகலாம்!"