தோள் காத்தல்

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் ஊர்தோறும் கபடிப் பந்தயம் நடைபெறுகின்றது. நமது வாலிபர்களின் தேகபலத்தைக் கண்டு மகிழாதவர் இரார். ஆயினும் அப்பந்தயங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது. பாடிச் செல்பவனின் கையை எதிர்க்கட்சியார் பற்றி இழுக்கின்றனர்; தோள்மூட்டு நழுவிவிடுகின்றது. பக்கத்திலிருப்பவர் ஒருவர் அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுத்து மூட்டை ஏற்றிவிடுகின்றார். கூட்டம் கைதட்டுகின்றது, வாலிபன் அடுத்த ஆட்டத்திற்கு இறங்குகின்றான். இதனை வீரமென்று கொண்டாடுகிறோம். நமது அபிப்பிராயத்தில் இது வீரமன்று. ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைப் பணயமாக வைத்தாடும் சூதேயாகும்.

மனித தேகத்தில் தோளைப்போல் எல்லாத் திசைகளிலும் சுழலும் மூட்டு வேறில்லை. அச்சுதந்திரத்திற்கு அது செலுத்தும் விலை உறுதிக் குறைவு. எலும்பின் உருண்டை பெரிது. அது பொருந்தும் கிண்ணமோ ஆழமற்றது. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள சவ்வும், நார்களும், சூழ்ந்துள்ள நான்கு தசைகளுமே அதனைக் காக்கின்றன. மூட்டு பெரும்பாலும் முன்புறமாகவே நழுவும். அப்பொழுது விளிம்புச் சவ்வு கிழிவதுண்டு. முதல் நழுவல் இருபது வயதிற்குள் நேர்ந்தவர்க்கு அது மீண்டும் மீண்டும் நேர்வது மிகுதி. பிறகு சட்டை மாட்டக் கையை உயர்த்துவதும் அச்சத்திற்குரியதாகும். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்பவனுக்கும், தென்னை ஏறுபவனுக்கும் தோளையன்றி வேறு ஆஸ்தி யாது?

விசாரணைக்கு முன் தீர்ப்புக் கூறுவது எவ்வளவு அநீதியோ, அவ்வளவு அநீதி பரிசோதனைக்கு முன் கையை இழுப்பது. எலும்பு முறிந்திருக்கலாம், தோளைச் சுற்றிவரும் நரம்பு நசுங்கியிருக்கலாம், இழுப்பதால் இரண்டும் மோசமாகும். கையை இருந்த நிலையிலேயே துணியால் கழுத்தோடு கட்டித் தாங்கி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே முறை. மேற்கையின் வெளிப்புறம் மரத்திருக்கிறதா, மணிக்கட்டில் நாடி உள்ளதா என்று வைத்தியர் பார்ப்பார். எக்ஸ்ரே எடுத்த பின்னரே மூட்டை ஏற்றுவார். சவ்வு கிழிந்த சந்தேகமிருப்பின் எம்.ஆர்.ஐ. படம் அதனைக் காட்டும். பின்பு ஓய்வும், படிப்படியான பயிற்சியும் வேண்டும். மறுபடி மறுபடி நழுவுவோர்க்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. நோவின்றி முழு அசைவும், மற்றத் தோளுக்கு ஈடான வலிவும் திரும்புமுன் களமிறங்கலாகாது.

இங்ஙனம் விலகி நிற்பது அவமானமா? திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில் ஆடியவரான வருண் சக்கரவர்த்தி, 2020 நவம்பரில் தோள் காயத்தினால் ஆஸ்திரேலியா செல்லவிருந்த இந்திய அணியினின்றும் விலக்கப்பட்டார். அவரிடத்தில் சேலம் ஜில்லாவின் நடராஜன் சேர்க்கப்பட்டார். வருண் அழிந்துவிட்டாரா? 2021-ல் இந்தியாவுக்காக ஆடினார். 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். அவரை விலக்கி நிறுத்த ஒரு வாரியம் இருந்தது. நமது கிராமத்து வாலிபனை 'நில்' என்று கூற யார் இருக்கிறார்கள்?

வருமுன் காப்பதும் அரிதன்று. பந்து எறியும் ஆட்டக்காரர்க்குத் தோள் ஒரே நாளில் கெடுவதில்லை. அளவுக்கு மிஞ்சிய எறிதலால் சிறிது சிறிதாகக் கெடுகின்றது. இரவில் அப்பக்கம் படுத்தால் வலிப்பது அதன் எச்சரிக்கை. நார்வே தேசத்தில் 660 ஹாண்ட்பால் ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்தி 2017-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஆட்டத்திற்கு முன் சுமார் பத்து நிமிஷம் தோளுக்குரிய பயிற்சி செய்தவர்க்குத் தோள் உபாதையின் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. அப்பயிற்சிக்கு ரப்பர் பட்டையும் சிறு பந்தும் போதும். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் சங்கமோ 2007 முதல், ஒரு சிறுவன் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கே வரம்பு விதித்துள்ளது. நமது பள்ளிகளில் பந்துகளை எண்ணுவார் உளரா?

ஆகவே நாம் கோருவன மூன்று. பரிசுத் தொகைக்குப் பணம் திரட்டும் பந்தய நிர்வாகிகள், முதலுதவி தெரிந்த ஒருவரைக் களத்தருகே அமர்த்துக. தோள் நழுவியவன் அன்று மீண்டும் ஆடலாகாதென்று விதி செய்க. பள்ளிகளின் தேகப்பயிற்சி ஆசிரியர்கள் தோட்பயிற்சியை நாள்தோறும் நடத்துக. 2022-ல் திறந்துவைக்கப்பட்ட திண்டுக்கல் அரசாங்க வைத்தியக் கல்லூரியில், விளையாட்டுக் காயங்களுக்கென வாரம் ஒரு நாளைச் சர்க்கார் ஒதுக்குக.

இவற்றிற்கு ஆகும் செலவு அற்பம். வெற்றிக் கோப்பையைத் தூக்கும் கை, மறுநாள் மூட்டையையும் தூக்க வேண்டும். அதை மறந்து நடத்தும் பந்தயம் எதுவும் வாலிபர்க்கு நன்மை செய்வதாகாது.