வீட்டுச் சினிமாவுக்கு எந்த டிஸ்க்?

கொட்டகை வாசலில் டிக்கெட்டுக்கு முண்டியடித்த காலம் போய், கொட்டகையே வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் புது வீடு கட்டுகிறவர்கள், பூஜை அறைக்கு இடம் குறித்த கையோடு பெரிய திரைக்கும் சுவரில் இடம் குறித்துவிடுகிறார்கள். திரைக்குக் கீழே ஒரு சிறு கம்ப்யூட்டர். அதன் வயிற்றில் படங்கள், பாட்டுக் கச்சேரிகள், பெண்ணின் கல்யாண வீடியோ எல்லாம். அந்த வயிற்றுக்கு எந்த டிஸ்க் வாங்குவது என்று விசாரித்தால், "இருப்பதிலேயே வேகமானதை வாங்குங்கள்" என்ற உபதேசமே பெரும்பாலும் கிடைக்கிறது. பணத்தை வீணாக்க இதைவிடச் சுலபமான வழி வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

கணக்குப் பார்ப்போம். ப்ளூ-ரே தட்டில் வரும் மிக உயர்ந்த தரத்து 4கே படம்கூட, வினாடிக்கு 16 மெகாபைட்டுக்கு மேல் கேட்பதில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கோ, வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்க வல்லது. எஸ்.எஸ்.டி. அதைப் போல் பல மடங்கு கொடுக்கும், வாஸ்தவந்தான். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறப்பானேன்?

எஸ்.எஸ்.டி.க்கு வேலையே இல்லை என்பது நமது கட்சியன்று. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சிஸ்டத்துக்கு 256 ஜிகாபைட்டில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போதும், பொத்தானை அமுக்கியதும் பெட்டி விழித்துக்கொள்ளும். படங்களுக்கு வேண்டியது இடம். இரண்டடுக்கு ப்ளூ-ரே தட்டு ஒன்று 50 ஜிகாபைட். அப்படிப்பட்ட 80 தட்டுகளை 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று விழுங்கிவிடும். நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் டிஸ்க், 7,200 சுற்றுச் சுற்றுவதைவிடச் சாதாரணமாகச் சத்தமும் சூடும் குறைந்தது. வீணை வாசிப்பின் நடுவே கரகரவென்று தனி ஆவர்த்தனம் செய்யாது.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். சில டிஸ்க்குகளில், கூரையில் ஓடு வேய்வது போல, ஒரு வரியின்மேல் மற்றொரு வரி சற்றே படியும்படி எழுதுவார்கள். ஒரு முறை எழுதிப் பல முறை பார்ப்பதற்கு இது பழுதில்லை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் பெட்டிக்கு ஆகாது. சில கம்பெனிகள் இதைச் சொல்லாமலே விற்றுவந்த சங்கதி 2020-இல் வெளியாயிற்று. ஓடித் தேய்ந்த டிஸ்க்கைப் புதிது என்று விற்கும் மோசடியும் உண்டு. 2025-இல் ஜெர்மனியில் அது அம்பலமாயிற்று. ரிச்சி தெருவில் வாங்கினாலும், வீட்டிலிருந்தபடியே தருவித்தாலும், ரசீதையும் உத்தரவாதத்தையும் சரிபார்த்துக்கொள்வது நலம்.

சுதேசி டிஸ்க் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனிகள் மூன்றே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூன்றும் அந்நிய தேசத்தவை. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்குள்ள தொழிற்சாலைகள் முழுகியபோது, உலகமெங்கும் டிஸ்க் விலை ஏறிற்று. டிஸ்க் விதேசியாயினும் அதற்குள் உறங்குவது நம் வீட்டுச் சொத்து. அதைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது.

இந்தப் பொறுப்பை நாம் எப்படி நிறைவேற்றியிருக்கிறோம்? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த அந்தப் படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படத்துக்கும் அதே கதி. படங்களைப் பாதுகாப்பதற்கென்றே புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-இல். அங்கேயும் 2003-இல் தீப்பிடித்து, எளிதில் பற்றிக்கொள்ளும் பழைய நைட்ரேட் பிலிம்கள் பல சாம்பலாயின. ஒரே இடத்தில் இருக்கும் பொருளுக்கு ஒரே ஆபத்து போதும்.

ஆகவே, வீட்டிலுள்ளவற்றை இரண்டாகப் பிரியுங்கள். கடையில் மறுபடி வாங்கக்கூடிய சினிமாவுக்கு ஒரு பிரதி போதும். கல்யாண வீடியோ, பாட்டி பாடிய தாலாட்டு, குழந்தையின் முதல் நடை ஆகியவற்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அவற்றுக்கு இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி அவசியம். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடி போல் ஓடவிட்டால் போதாதோ என்றால், போதாது. ஒன்றில் கை தவறி அழித்தது மற்றதிலும் அந்தக் கணமே அழியும்.

அந்தப் பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மதுரையில் இருக்கும் தமக்கை வீட்டுப் பீரோவுக்கு அந்த வெள்ளம் எட்டாது. பீரோவில் வைப்பதும் ஹார்ட் டிஸ்க்காகவே இருக்கட்டும். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் வெக்கையில் கிடந்தால், எஸ்.எஸ்.டி.யில் எழுதியது மெல்ல மங்கிவிடக்கூடும். ஹார்ட் டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூரிலேயே 2023-இல் என்.டி.டி. கம்பெனியும், 2024-இல் டிஜிட்டல் கனெக்‌ஷன் கம்பெனியும் மிகப் பெரிய டேட்டா சென்டர்களைத் திறந்தன. கோடிக்கணக்கில் முதல் போட்டு நடத்தும் அத்தகைய இடங்களிலேயே, டிஸ்க் ஒரு நாள் கெட்டே தீரும் என்று முன்கூட்டியே நினைத்துப் பிரதி எடுத்து வைப்பதுதான் வழக்கம். கூடத்து அலமாரியில் ஒற்றை டிஸ்க்கை வைத்துக்கொண்டு நாம் மட்டும் நிம்மதியாகத் தூங்குவது எந்த நியாயம்?

இரண்டாவது டிஸ்க்குக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு, வேகத்துக்காகக் கொட்ட நினைத்த பணம் இருக்கிறது. தீபாவளிக்கு மதுரைக்குப் போகும்போது, பக்ஷணப் பொட்டலத்தோடு அந்த டிஸ்க்கையும் எடுத்துச் சென்று தமக்கையிடம் ஒப்படையுங்கள்.