விசா கேட்பது யாருடைய சொத்தை?

"வெளிநாடு போய்விட்டால் சாதி இல்லை" என்கிறார்கள். விமானம் ஏறும் முன்பே சாதி நம் வங்கிக் கணக்கை எட்டிப் பார்த்துவிடுகிறது, தோழர்களே.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர், உதவித்தொகையோ அங்கு வசிக்கும் ஒருவரின் பொறுப்பேற்புக் கடிதமோ இல்லையென்றால், பெரும்பாலும் 'பிளாக்டு அக்கவுண்ட்' ஒன்றில் 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். அவருடைய பணம்தான்; ஆனால் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அங்கு போய் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பணத்துக்குச் சான்று.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? ஒன்றுதான். ஆனால் அடமானம் வைக்க நிலம் வேண்டும். கடிதம் தர பெர்லினில் ஒரு மாமா வேண்டும். இரண்டும் 'மெரிட்' தந்தவை அல்ல, தலைமுறைகளாகச் சேர்ந்தவை.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறதே? பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குடும்பம் ஓராண்டு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் 11,904 யூரோ சேராது. போதாக்குறைக்கு, 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை இத்திட்டத்திலிருந்து விலக்கினார்கள். சாதியை ஆராய நினைக்கும் தலித் மாணவருக்கு ஜெர்மனி கதவைச் சாத்தும் முன்பே டெல்லி சாத்திவிட்டது.

அந்தத் தடையை நீக்க வேண்டும். இடங்களைப் பெருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் பெற்ற மாணவருக்கு அரசே நிதிப் பொறுப்பு ஏற்க வேண்டும். இது சலுகை அல்ல, நம் பங்கு.