மொனோவைக்கு நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஆள்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இயக்குநர் அவர்களுக்கு,

நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பாய்டு கவுன்ட்டியின் புல்வெளிகளுக்கு நடுவே மொனோவை என்று ஓர் ஊர். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1. 2020-க்கு நீங்கள் வெளியிட்ட எண் 2. யாரும் குடிவரவில்லை, குழந்தையும் பிறக்கவில்லை. அந்த இன்னொருவர் யார் என்று ஊரின் ஒரே ஆளுக்கே தெரியவில்லை.

தனிமனித அந்தரங்கத்தைக் காக்க, ஊர்க் கணக்குகளில் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போடும் கணித முறை ஒன்றை அந்தக் கணக்கெடுப்பில் கையாண்டீர்கள். மாநில மொத்தத்தைத் தொடவில்லை. கலப்படமெல்லாம் அதற்குக் கீழேதான். நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க உங்கள் துறையின் கணக்குகள் உதவின. அந்தக் கறையை மறக்காதவர்கள் ரகசியத்தில் கண்டிப்பாக இருப்பது நியாயமே.

ஆனால் மொனோவையின் அந்த ஒரே ஆளான எல்சி ஐலர் விஷயத்தில் எதை மறைத்தீர்கள்? அவரைப் பற்றி எழுதாத பத்திரிகை உண்டா? அவரே மேயர், அவரே கிளார்க், அவரே பொருளாளர். தன் மதுக்கடைக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தவரும் அவர், கொடுத்தவரும் அவர். வரி கட்டியது ஒரு கை, வாங்கியது மறு கை. நான்கு தெருவிளக்குகள் எரிய அரசுப் பணம் வரவேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் சாலைத் திட்டம் எழுதி அனுப்பினார். ஒரே ஆள் நடந்துபோகும் தெருவுக்கு!

ரயில் பாதை வந்தபோது முளைத்த ஊர் அது. 1930-களில் 150 பேர் இருந்தார்கள். தபால் நிலையம் 1967-இலும் பள்ளி 1974-இலும் மூடப்பட்டன. பிழைப்பு தேடிப் போனவர்கள் திரும்பவில்லை. 2000-இல் மிஞ்சியது எல்சியும் கணவர் ரூடியும்தான். 2004-இல் ரூடி காலமானார். அவர் சேர்த்துவைத்த சுமார் 5,000 புத்தகங்களை ஒரு சிறு கட்டடத்தில் அடுக்கி, அவர் பெயரிலேயே நூலகமாக்கினார் எல்சி.

ஆக, அந்த ஊரில் 2 என்பது ரூடி உயிரோடு இருந்த காலத்துக் கணக்கு. உங்கள் கணினி அதையா திருப்பிப் போட வேண்டும்?

பெருநகரத்தில் ஒரு தலை கூடினால் யாருக்கும் உறைக்காது. மொனோவையில் ஊரே இரட்டித்துவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டில் குடிவைத்த அண்டைவீட்டுக்காரர் அவசரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போகவும் மாட்டார்.

2030 கணக்கெடுப்பு நெருங்குகிறது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊர்களுக்காவது, இந்த எண் மாற்றப்பட்டது என்று அதன் அருகிலேயே அச்சிடுங்கள். இல்லையேல் ஊர்க்காரர்கள் சம்மதித்தால் உள்ளதை உள்ளபடி போடச் சட்டத்தில் வழி கேளுங்கள். ஒருவர் மட்டுமே இருக்கும் ஊரில் கையெழுத்து வாங்க உங்கள் ஆள் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. மதுக்கடைக் கதவைத் தட்டினால் போதும்.