கெளுத்திக்கு மண்புழு போதும்

ஆற்றுக் கெளுத்திக்கு எந்த இரை நல்லது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: மண்புழு. அதுவும் அன்று காலையில் ஆற்றங்கரையிலோ வீட்டுக் கொல்லையிலோ நம் கையால் தோண்டிய புழு. இப்போது எங்கள் குடமுருட்டிக் கரையில் தூண்டிலோடு வந்து உட்காரும் பையன்களில் பாதிப் பேர் கையில் கோழிக்குடல் நிறைந்த பிளாஸ்டிக் பை இருக்கிறது. "என்ன தாத்தா, இன்னும் புழுவையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க" என்று கிண்டல் வேறு. வயதானவன் பழையதைத்தான் உசத்தி என்பான் என்று அவர்கள் நினைக்கலாம். எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் மீனைப் பார்ப்போம். கெளுத்திக்குச் செதில் கிடையாது. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை. நமக்கு நாக்கில் இருக்கிற ருசி மொட்டுகள் அதற்கு மீசையிலும் இருக்கின்றன, உடம்புத் தோலிலும் இருக்கின்றன. கண்ணை நம்பி இரை தேடுகிற மீன் இல்லை அது. பொழுது சாய்ந்த பிறகு, கலங்கல் தண்ணீரில், ஆற்றுத் தரையை மீசையால் தடவிக்கொண்டே வரும். தண்ணீரில் கரைந்து வருகிற சாறு எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். என் பேரன் ஆன்லைனில் பளபளவென்று ஒரு ரப்பர் மீனும் ஒரு ரப்பர் தவளையும் வாங்கி வைத்திருக்கிறான். விராலுக்கு அது சரி. விரால் கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன். கெளுத்திக்கு முன்னால் ரப்பர் மீனை ஆட்டுவது, கண் தெரியாதவருக்குச் சினிமா காட்டுகிற மாதிரி. மைதா உருண்டை, கோதுமை மாவு, தவிடு எல்லாம் கெண்டை வகைக்குத்தான் தோது. மாவைப் போட்டால் கெளுத்தி வருவதற்கு முன்னால் ஜிலேபிக் கெண்டை வந்து கொத்திக் கரைத்துவிடும். அது 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்றைக்கு அது இல்லாத குளம் குட்டை இருக்கிறதா?

மண்புழு ஏன் என்றால், ஆறே அதைத்தான் கெளுத்திக்குப் பழக்கி வைத்திருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். கல்லணை தாண்டி எங்கள் பக்கம் புதுத்தண்ணீர் வரும்போது கரை மண்ணை அரித்துக்கொண்டு செக்கச்செவேலென்று வரும். அந்த மண்ணோடு புழுவும் பூச்சியும் வரும். மழை பெய்தால் வயல் வரப்பிலிருந்தும் வாய்க்கால் வழியாக வந்து சேரும். மாதக்கணக்கில் மடுவில் அடைந்து கிடந்த கெளுத்தி அந்தக் கலங்கலில்தான் வெறி பிடித்த மாதிரி மேயும். அந்த நேரத்தில் அது தேடிக்கொண்டிருப்பதையே நாம் முள்ளில் கோத்துக் கொடுக்கிறோம். வேறு வசியம் எதற்கு?

தை மாதத்தில் மேட்டூரை மூடிய பிறகு கதை வேறு. தண்ணீர் வற்றித் தெளிந்துவிடும். அப்போது நத்தைச் சதையும், ஆற்று இறாலின் உரித்த சதையும் நன்றாகவே எடுக்கும். நத்தைச் சதை கெட்டியானது, சின்ன மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டுப் போகாது. மடுவில் கெளுத்தி தின்பதும் இந்த மாதிரிப் பிராணிகளைத்தான். அதனால் பங்குனி, சித்திரையில் ஒருவர் நத்தை வைத்துப் போட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வாளைக்குப் புழு போதாது, அதற்கு உயிருள்ள சின்ன மீன் வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆற்று வாளை குறைந்துபோன மீன். அதைத் தேடிப் போவதே இப்போது எனக்குச் சம்மதமில்லை.

புழு எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வாழைக் கட்டையின் அடி, எருக்குழி ஓரம், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி ஈரமாகக் கிடக்கும் இடம், இங்கே எல்லாம் கொத்திப் பார்க்க வேண்டும். எடுத்த புழுவைத் தண்ணீரில் போடக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. கொட்டாங்கச்சியில் அதே ஈர மண்ணைப் போட்டு மேலே ஒரு இலையை மூடினால் சாயங்காலம் வரை துடிப்பு குறையாது. முள்ளில் கோக்கும்போது நீளவாக்கில் ஏற்றி, வால் பக்கம் ஒரு விரற்கடை தொங்க விட வேண்டும். ஈயக்குண்டு தரையைத் தொடுகிற மாதிரி தங்கூஸின் நீளத்தை வைத்துக்கொண்டால் மீசைக்காரர் தானாக வருவார்.

புழுவில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மெத்தென்று இருப்பதால் கெளுத்தி ஆழமாக விழுங்கிவிடும். தக்கை ஒரு தடவை நன்றாக முங்கியதும் இழுத்துவிட வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் முள் தொண்டைக்குப் போய்விடும். அதை எடுக்கப் போகும்போதுதான் கெளுத்தி முதுகிலும் பக்கங்களிலும் இருக்கிற முள்ளை விறைத்துக்கொண்டு கையில் குத்தும். குத்தினால் சுண்ணாம்பு தேடி ஓடாதீர்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். வீக்கம் வற்றாவிட்டாலோ, முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இனி கோழிக்குடல். நியாயமாகவே பேசுவோம். அதற்குப் பெரிய மீன் வரும், பொய்யில்லை. கோழிக்கடையில் காசு கொடுக்காமலே கிடைக்கும். தோண்டுகிற சிரமம் இல்லை. ஆனால் அந்தச் சிரமம் இல்லாததுதான் எனக்குப் பிரச்சினை. புழு தோண்டினால் இருபது முப்பது கிடைப்பதற்குள் இடுப்பு வலித்துவிடும். அது தீர்ந்தால் அன்றைய மீன்பிடிப்பும் தீர்ந்தது. ஒரு குடும்பத்துக்குக் குழம்புக்கு ஆகிற அளவு மீன், அவ்வளவுதான். குடல் இரண்டு கிலோ மூன்று கிலோ என்று வருகிறது. முள்ளில் வைப்பது ஒரு பிடி. மிச்சத்தை என்ன செய்கிறார்கள்? மீன் கூடட்டும் என்று துறையிலேயே கொட்டுகிறார்கள், அல்லது பையோடு ஆற்றில் வீசிவிட்டுப் போகிறார்கள். காலையில் அதே துறையில்தான் நான்கு பேர் குளிக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு அதே படியில்தான் நம் வீட்டுப் பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைக்கிறார்கள்.

அடுத்தது, குடலுக்கு வருகிற மீன் எது என்பது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று ஒன்று இருக்கிறது. கொழுகொழுவென்று கருத்து, பலகை மாதிரித் தட்டைத் தலையோடு இருக்கும். கழிவைத் தின்றே வளரும், மற்ற மீன்களையும் குஞ்சுகளையும் விழுங்கும். மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை போட்டது. தடையை மீறிச் சிலர் இறைச்சிக் கழிவைப் போட்டே குட்டைகளில் வளர்க்கிறார்கள். வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்கு வந்துவிடுகிறது. "அந்த மீனைப் பிடித்தால் ஆற்றுக்கு நல்லதுதானே தாத்தா" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பிடித்தால் நல்லதுதான், திரும்ப விடவே கூடாது. ஆனால் துறையில் தினம் கழிவைக் கொட்டினால் அதற்கு அன்னதானம் செய்கிறோம் என்று அர்த்தம். ஒன்றைப் பிடித்து, தண்ணீருக்குள் பத்துக்குச் சோறு போடுகிற கணக்கு இது.

கடைசியாக, சட்டி. கெளுத்தியைச் சாம்பலும் கல் உப்பும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் எந்தத் தண்ணீரில் எதைத் தின்று வளர்ந்தது என்பது கறியில் தெரியும். என் வீட்டு அம்மா வயிற்றைக் கிழித்ததுமே சொல்லிவிடுவாள், இது ஆற்று மீனா, சாக்கடை வாய் மீனா என்று. கழிவு கொட்டுகிற துறையில் பிடித்த மீனை அவள் சட்டியில் ஏற்றுவதில்லை. பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் அது நியாயமான சட்டம்தான்.

புழு கிடைப்பது இப்போது கஷ்டம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முன்பு இரண்டு கொத்துக்குக் கொட்டாங்கச்சி நிறைந்தது. இப்போது உரமும் பூச்சிமருந்தும் விழுந்த நிலத்தில் அரை மணி நேரம் கொத்தினாலும் நான்கு புழு தேறுவதில்லை. அதற்கும் வழி, கொல்லையில் ஒரு மூலையைச் சாணமும் சருகும் போட்டு ஈரமாக வைத்திருப்பதுதான். வாழைக்கும் ஆகும், தூண்டிலுக்கும் ஆகும்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆடியில் பேரனுக்குத் தூண்டில் வாங்கிக் கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு சின்ன மண்வெட்டியும் வாங்கிக் கொடுங்கள். புழுவை அவனே தோண்டட்டும். தோண்டிய புழு தீர்ந்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். வயிறு புடைத்த சினைக் கெளுத்தி மாட்டினால் அதைத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். சினை மீன் குழம்புக்கு ருசி அதிகம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் விட்டுவிடச் சொல்லுங்கள்.