ஆயில் மாற்ற ஒரு குட்டிக் குழாய்!
கையும் சுத்தம், கிணறும் சுத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். என்ஜினுக்கு அடியில் உள்ள போல்ட்டை ஸ்பானரால் திருகுகிறார். கடைசிச் சுற்றில் போல்ட் கைநழுவிச் சட்டிக்குள் விழுகிறது. சூடான கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிகிறது. சட்டி நகர்ந்துவிடுகிறது. பாதி ஆயில் வாசலில்!

"கோலம் போட்ட இடமெல்லாம் பாழாச்சே!" என்கிறார் மனைவி.

தானே ஆயில் மாற்றுவது நல்ல காரியம்தான். கூலி மிச்சம். தன் வண்டியைத் தானே கவனித்த திருப்தியும் உண்டு. ஆனால் கொட்டிய ஆயில் எங்கே போகிறது? மழை பெய்தால் சாக்கடைக்கு. அங்கிருந்து குளத்துக்கு. மண்ணில் ஊறினால் நிலத்தடி நீருக்கு.

அது என்ன குழாய்?

இந்தத் தொல்லைக்கு ஒரு சின்னச் சாதனம் இருக்கிறது. அதன் பெயர் டிரெயின் வால்வு. அடியில் உள்ள போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை ஒரு முறை மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் எப்படியோ, என்ஜினுக்கு இது அப்படி. உள்ளே துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை நேராகி ஆயில் இறங்கும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். ஸ்பானர் வேண்டாம்.

சில வால்வுகளில் ரப்பர் குழாய் மாட்ட மூக்கு ஒன்று உண்டு. குழாயின் மறுமுனையைக் கேனுக்குள் விட்டால், ஒரு சொட்டும் வெளியே சிந்தாது. சிறு விமானங்களின் என்ஜின்களில்கூட இதுபோன்ற வால்வு பொருத்துகிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. போல்ட்டை அடிக்கடி கழற்றி, அளவுக்கு மீறி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். அலுமினிய ஆயில் தொட்டியானால் செலவு பெரிது. வால்வு மாட்டினால் அந்தக் கவலை குறைகிறது.

குறை இல்லையா?

உண்டு. வால்வு போல்ட்டை விடச் சற்று நீளமாகக் கீழே தொங்கும். தாழ்வான கார், கல்லும் மேடும் நிறைந்த பாதை, உயரமான வேகத்தடை என்றால் அடிபடலாம். அடிபட்டு உடைந்தால் ஆயில் முழுவதும் போய் என்ஜின் ஜாம் ஆகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய போல்ட்டே மேல். மோட்டார் சைக்கிளுக்கும் அதே. அதில் ஆயில் சுமார் 1 லிட்டர்தான். அகலமான தட்டு ஒன்று போதும்.

வாங்குமுன் மரையின் அளவு பார்க்க வேண்டும். காருக்குக் கார் அது மாறும். தானாகத் திறக்காதபடி பிடியைப் பூட்டும் கிளிப் இருப்பது அவசியம். புது வண்டியானால் வாரண்டி பற்றி விற்றவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

புது ஆயில் ஊற்றுமுன் வால்வு மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். என்ஜின் கொதிக்கும்போது திறக்கக் கூடாது, இளஞ்சூடு போதும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிருக்கே ஆபத்து.

பாதி வேலைதான் முடிந்தது

ஆயில் கேனுக்குள் வந்துவிட்டது. பிறகு? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இருட்டியதும் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். கரையானுக்கு என்று மரத்தடியில் கொட்டுகிறார்கள். சொறி பிடித்த நாய்க்கும் மாட்டுக்கும் தடவுகிறார்கள். வாயில்லா ஜீவன் அதை நக்கி விஷத்தை விழுங்குகிறது.

பழைய ஆயிலில் உலோகத் துகளும் நச்சுப் பொருளும் கலந்திருக்கின்றன. அது தோலில் அடிக்கடி படுவது நல்லதல்ல. ஒரு காரிலிருந்து ஒரு தடவை வடிக்கும் ஆயில் 3 அல்லது 4 லிட்டர் இருக்கும். 1 லிட்டர் ஆயில் 10 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் சொல்லும் கணக்கு. ஒரு தெருவுக்கே குடிதண்ணீர் அது!

பழைய ஆயில் குப்பை அல்ல. சுத்திகரித்தால் மறுபடியும் ஆயில் ஆகும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், அதை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்க்கச் சொல்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது சுலபம். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, மேலே "பழைய ஆயில்" என்று எழுதிவைக்க வேண்டும். தண்ணீரோ பெட்ரோலோ கலக்கக் கூடாது. கேனை முறையாகப் பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

குடிதண்ணீர்ப் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றக் கூடாது. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

குட்டிக் குழாய் கையைச் சுத்தமாக வைக்கும். கிணற்றைச் சுத்தமாக வைக்க வேண்டியது அந்தக் கைதான்.